சிவப்பணு சொன்ன சாட்சி

போன் அலறியது.

அவள் எடுக்கவில்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கண்ணாடித் துண்டின் மேல் ஒரு துளி ரத்தம். கடைசி ஆட்டம் முடிந்த தியேட்டர் மாதிரி காலியாகக் கிடந்தது. வெள்ளையணுக்களைத் தேடினாள். இடம், வலம், மேலே, கீழே... எங்கோ ஒரு மூலையில் ஒன்றே ஒன்று. அதுவும் சுருங்கி, வழி தவறி வந்தது போல. சிவப்பணுக்களோ அளவுக்கு மீறி ஊதியிருந்தன.

இப்படி ஒரு ரத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அதிக நேரம் உயிரோடு இருக்க முடியாது!

போன் விடுவதாக இல்லை. எடுத்தாள். கீழே வார்டிலிருந்து நர்ஸ்.

"மேடம், கொஞ்சம் கீழ வர்றீங்களா?"

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சிஸ்டர். வெள்ளையணு சுத்தமா இல்ல. எனக்கு நம்பிக்கை வரல. இன்னொரு சாம்பிள் எடுத்து அனுப்புங்க, மறுபடி ஓட்டிப் பார்க்கறேன்."



"இனிமே எடுக்க முடியாது மேடம்."

மைக்ராஸ்கோப்பின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அந்த ரத்தம் அவளுடைய அண்ணனுடையது.

* * *

லேபில் அவளுக்கு 'மறுபடி மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவளுக்கும் தெரியும். எந்த நம்பராவது கொஞ்சம் முறைத்தால் போதும், வெளியே அனுப்ப மாட்டாள். மெஷினைத் துடைப்பாள், சோதனை மருந்தை மாற்றுவாள், மறுபடி ஓட்டுவாள்.

அண்ணன் அவளுக்கு அண்ணன் மட்டுமில்லை. அப்பா போன பிறகு அப்பாவாகவும் இருந்தவன். அவளைப் படிக்க வைத்தவன். நோயாளி மனைவியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான் என்று தெருவே பேசிய மனிதன்.

கடைசி நாட்களில் அவன் வாய் முழுக்கப் புண். உதடு பிளந்து, நாக்கு வெந்து, ஒரு சொல் வெளியே வரவில்லை. அவள் கட்டிலருகே குனிந்தபோதெல்லாம் ஏதோ சொல்ல முயன்றான். அரை எழுத்து... காற்று... அவ்வளவுதான்.

என்ன சொல்ல வந்தாய் அண்ணா?

அவன் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. எந்த நோயாளியின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் முதலில் தெரிவது அந்தக் காலி அரங்கம்தான். கண்ணைச் சிமிட்டினால்தான் அணுக்கள் வந்து உட்காரும். சிமிட்டுவதற்கு முன்னால், அந்த வெறுமைக்குள்ளிருந்து, அவன் வாய் அசைந்துகொண்டே இருக்கும்.

டாக்டர்கள் காய்ச்சல் என்றார்கள். ஏதோ கிருமி எலும்பு மஜ்ஜையை வற்றச் செய்துவிட்டது, நேரம் சரியில்லை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்...

அவள் மனம் தேறவில்லை. போலீஸ் ஸ்டேஷன் படியேறினாள்.

* * *

அந்த இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'முடிச்சாச்சு'. எந்தக் கேஸ் வந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். பிரேதப் பரிசோதனை இல்லை, உடலும் இல்லை, டாக்டரே காய்ச்சல் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், இதில் நான் யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்று கேட்டார்.

"உடல் இல்ல சார். ரத்தம் இருக்கு."

"எங்க?"

"என் லேப் ஃப்ரிட்ஜ்ல. ஒரு வாரம் ஆனா கொட்டிடணும், அதான் எங்க வழக்கம். எங்க அண்ணனைக் கொட்ட எனக்குக் கை வரல."

மூடிய பேனா மெதுவாகத் திறந்தது.

அவள் விளக்கினாள். வாய்ப்புண், வற்றிப்போன மஜ்ஜை, ஊதிய சிவப்பணு... மூன்றும் ஒன்றாக வந்தால் சந்தேகப்பட ஒரு மாத்திரை இருக்கிறது. மெதோட்ரெக்சேட். மூட்டைத் தின்னும் முடக்குவாதத்துக்குக் கொடுப்பது. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டால் வீக்கம் வடியும், வலி அடங்கும், ரத்தத்தில் நோயின் உக்கிரத்தைக் காட்டும் சி.ஆர்.பி. நம்பர் இறங்கும்.

"தினமும் சாப்பிட்டா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எங்க அண்ணன் மாதிரி ஆகும்."

"உங்க அண்ணனுக்கு மூட்டு வலியா?"

"கல்லு மாதிரி இருந்தார் சார்."

"அப்போ அந்த மாத்திரை அந்த வீட்ல யாருக்கு?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணிக்கு."

* * *

அண்ணியின் விரல்களை ஒருமுறை பார்த்தால் இரண்டாம் முறை பார்க்க மனம் வராது. கணுக்கள் புடைத்து, விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றடித்த நாற்று மாதிரி இருக்கும்.

அண்ணன் வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் பார்த்த மாத்திரத்தில் கேஸை மறுபடி மூடப் பார்த்தார். வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஏம்மா, அந்தம்மாவால மாத்திரை அட்டையைக்கூடப் பிரிக்க முடியாது. அவங்களா கொலை பண்ணாங்க? கேட்டா வாராவாரம் ஒழுங்கா முழுங்கினேங்கறாங்க. குப்பையில காலி அட்டை எல்லாம் கிடக்கு. வயித்துக்குள்ள போனதா இல்லையான்னு நான் எப்படிப் பார்க்கறது?"

"நான் பார்க்கறேன் சார்."

அந்த மருந்து சிவப்பணுவுக்குள் போய்க் குடியேறிவிடும். அணு சாகும்வரை வெளியே வராது. அணுவுக்கு ஆயுள் சில மாதங்கள். ஆக, ஒருவர் கடந்த மாதங்களில் மாத்திரையை விழுங்கினாரா, விழுங்குவது போல நடித்தாரா என்பதை அவருடைய சிவப்பணுவே சொல்லிவிடும்.

உள்ளே போய் அண்ணியின் கையைப் பிடித்து ஊசியை ஏற்றினாள். அண்ணி எதற்கு என்று கேட்கவில்லை. குழாயில் ஏறும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உன் கை மட்டும் எப்பவும் வலிக்காதும்மா."

* * *

மேல்மாடி ஆய்வுக்கூடத்தில் ரத்தத்துக்குள் இருக்கும் மருந்தை அளக்கும் ஒரு பெரிய மெஷின் இருந்தது. அண்ணன் ரத்தத்தையும் அண்ணி ரத்தத்தையும் அதில் தானே ஓட்டினாள்.

அண்ணனின் சிவப்பணு நிறைய மருந்து!

அண்ணியின் சிவப்பணுவில்... ஒன்றுமில்லை. துடைத்து வைத்த பாத்திரம்.

அவள் நம்பவில்லை. மறுபடி ஓட்டினாள். அதே விடை. சி.ஆர்.பி. பார்த்தாள். மருந்தையே பார்க்காத உடம்பு மாதிரி எகிறிக் கிடந்தது. மூட்டுகள் எல்லாம் நெருப்பில் கிடக்கிற உடம்பின் நம்பர் அது.

இரண்டு ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணி மாதக்கணக்கில் ஒரு மாத்திரையும் சாப்பிடவில்லை. சேர்த்து வைத்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தூக்கமில்லாமல், தன் வலிக்கான மருந்தையே ஒளித்து வைத்து... ஒருவனைக் கொல்வதற்காக!

இன்ஸ்பெக்டரின் நம்பரை எடுத்தாள். விரல் அதன் மேலேயே நின்றது. போன் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அதுவும் நேரில்.

* * *

அந்தி சாயும் நேரம். அண்ணன் வேலையிலிருந்து வீடு திரும்பும் நேரம் அதுதான். அவன் நாற்காலி சுவரோரம் இருந்தது. மூக்குக் கண்ணாடி மேஜை மேல் மடித்தபடி கிடந்தது. யாரும் எதையும் நகர்த்தவில்லை.

"எப்படிக் குடுத்தீங்க?" நின்றுகொண்டே கேட்டாள்.

அண்ணி மறுப்பாள் என்று நினைத்தாள். அழுவாள், சத்தியம் செய்வாள்...

"காபில," என்றாள் அண்ணி.

"அட்டையை யார் பிரிச்சுக் குடுத்தா? உங்களால முடியாதே. கூட யாரு?"

"உங்க அண்ணன்தான்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "வாராவாரம் அவரே பிரிப்பார், அவரே வாயில போடுவார். அக்கம்பக்கம் யாராவது இருந்தா இன்னும் பாசமாப் போடுவார். நான் நாக்குக்கு அடியில ஒதுக்கிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் துப்பிக் காய வெச்சுப் பவுடர் டப்பாவுல போட்டுக்குவேன். டப்பா ரொம்பினதும் தினமும் காபில கரைக்க ஆரம்பிச்சேன்."

"எங்க அண்ணன் உங்களை ராணி மாதிரி வெச்சிருந்தார். மருந்து இல்லாம அவ்வளவு வலியையும் தாங்கி... அப்படி என்ன பண்ணினார் உங்களை?"



வெளியே கேட் கிறீச்சிட்டது.

காற்றுதான். யாருமில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் அண்ணியின் இரண்டு கைகளும் புடவைத் தலைப்புக்குள் மறைந்தன. தோள் ஒடுங்கியது. கண் கதவிலேயே குத்திட்டு நின்றது. வேட்டைச் சத்தம் கேட்ட முயல் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு...

செத்தவனுக்குப் பயந்து ஒளிகிற கைகள்!

தங்கை அண்ணியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி... கையைக் காட்டுங்க."

அண்ணி நடுங்கினாள். பிறகு, கேட்பது யார் என்று நினைவுக்கு வந்தவள் போல, மெதுவாக வெளியே எடுத்து மடிமேல் வைத்தாள்.

"நீயே பாரும்மா. படிச்சவ. இந்த நோய் ஓரவஞ்சனை பண்ணாதுன்னு டாக்டர் சொல்வார். இடது கைக்கு எது செய்யுதோ அதையேதான் வலது கைக்கும் செய்யும். அப்படித்தான் இருக்கா?"

பார்த்தாள். எத்தனை வருடமாகப் பார்த்த கைகள். இன்றுதான் பார்த்தாள்.

இடது சுண்டுவிரல் மட்டும் மற்ற நான்கையும் விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. வலது மணிக்கட்டில் மட்டும் எலும்பு கோணலாக ஒட்டி ஒரு மேடு. இடது மணிக்கட்டில் அது இல்லை.

நோய் வளைத்தது வேறு. இது ஒடித்தது!

"நோய் குடுக்கற வலி எனக்குப் பழகின வலி," என்றாள் அண்ணி. "சொல்லிட்டு வரும், சொல்லிட்டுப் போகும். தாங்கிக்கலாம். இவர் குடுக்கறது அப்படி இல்ல. என்ன தப்புன்னே தெரியாது. 'கையை நீட்டு'ம்பார். அவ்வளவுதான். எங்க ஒடிச்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாம் நோய்க் கணக்குல போயிடும்."

தங்கைக்கு லேபில் நடந்தது நினைவுக்கு வந்தது.

அண்ணி மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் அண்ணனே அவளை லேபுக்கு அழைத்து வந்தான். மணிக்கட்டு பந்து மாதிரி வீங்கியிருந்தது. நோய் முற்றிவிட்டது என்றான். அவள் ரத்தம் பார்த்தாள். சி.ஆர்.பி. சாதாரணமாக இருந்தது. நோய் அடங்கியிருக்கிறது என்றது அந்த நம்பர். இவ்வளவு வீக்கத்துக்கு இந்த நம்பரா என்று அவள் மெஷினைத் துடைத்தாள். மருந்தை மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். இன்னொரு தடவை சுண்டுவிரல் வீங்கி வந்தபோதும் அதையே செய்தாள்.

நம்பர் தப்பே இல்லை. அது ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னது. இந்த வீக்கத்தைக் கொண்டுவந்தது நோய் இல்லை என்று அவளிடம்தான் சொன்னது!

அவள் நினைப்பது அண்ணிக்குக் கேட்டுவிட்டது போலிருந்தது.

"நீ கண்டுபிடிச்சுடுவேன்னுதான் ஒவ்வொரு தடவையும் லேபுக்கு ஆசையா வருவேன். நீ மெஷினைச் சந்தேகப்பட்டே. மருந்தைச் சந்தேகப்பட்டே. உங்க அண்ணனை மட்டும் விட்டுட்டே."

கட்டிலில் கிடந்த அண்ணனின் வாய் கண்முன் அசைந்தது. அரை எழுத்து... காற்று...

"கடைசியா என்னமோ சொல்ல வந்தார் அண்ணி," என்றாள். "எனக்குக் கடைசி வரைக்கும் புரியல."

"நான் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னேனே. எனக்குப் புரிஞ்சுது." அண்ணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "கையைத்தான் நீட்டச் சொன்னார்."

போன் அடித்தது.

'முடிச்சாச்சு' இன்ஸ்பெக்டர். ரிசல்ட் வந்துவிட்டதா, வண்டியை எடுக்கட்டுமா, மேலதிகாரி கேட்கிறார் என்று படபடத்தார்.

தங்கை நாற்காலியைப் பார்த்தாள். மடித்து வைத்த மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். அவளைப் படிக்க வைத்தவன். மடியில் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"வண்டி வேண்டாம் சார். அண்ணி ரத்தம் உறைஞ்சு போச்சு. மெஷின் ஏத்துக்கல."

"சரி, உங்க அண்ணன் ரத்தம்?"

"அதுல ஒண்ணும் இல்ல. கிருமிதான். பாசத்துல நான்தான் ஏதேதோ கற்பனை பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் நிம்மதியாக ஒரு பெருமூச்சு. அவளுக்கு ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு வைத்தார்.

அவள் வெளியே அனுப்பிய முதல் பொய் ரிசல்ட். மறுபடி ஓட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அறைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட இருவரும் எழவில்லை. அண்ணன் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. ஒருத்திக்குக் கதவில் நின்றான். ஒருத்திக்கு மைக்ராஸ்கோப்புக்குள்.

சற்றுப் பொறுத்து அண்ணி எழுந்தாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. பாத்திரம் ஓசைப்பட்டது. திரும்பி வரும்போது வளைந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு டம்ளரை அணைத்துப் பிடித்திருந்தாள்.

காபி.

ஆவி பறந்தது. தங்கை வாங்கிக்கொண்டாள். உதடுவரை கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

ஒரு கணம்... இரண்டு கணம்...

அண்ணி எதிரே உட்கார்ந்து, எத்தனையோ வருடங்களில் முதல் முறையாக, சிரித்தாள்.

"தைரியமாக் குடிம்மா. இந்த வார மாத்திரையை நானே முழுங்கிட்டேன்!"