பெயரைக் கொடுக்காத ஜிம்மி

நாய், பூனைகளுக்கு டாக்டர் மோனிஷா வைத்தியம் பார்க்கிற வீடு, திருத்தணியில் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. பழைய வீடு. ஒரு காலத்தில் வெல்ல மண்டியாக இருந்ததாம். மழை நாளில் சுவர் இன்னும் பாகு வாசனை விடும் என்பார்கள். ஆடிக்கிருத்திகை அன்று பிற்பகல் அந்த வாசலில் இளம்பரிதியின் ஆட்டோ வந்து நின்றபோது, பின் சீட்டில் பரோட்டா தட்டுகிற பலகை ஒன்று குறுக்கே கிடந்தது. பலகை மேல் போர்வை. போர்வைக்குள் ஜிம்மி. பக்கத்தில் ஒண்டிக்கொண்டு ரஞ்சிதம்.

ரஞ்சிதத்தைத் தெரியாதவர்கள் கே.ஜி.கண்டிகையில் டீ குடிக்காதவர்கள். பஸ் நிற்கும் இடத்தில் அவளுடைய கடை. காவடி பார்க்க வந்த வேன் ஒன்று கடை வாசலில் ஜிம்மியைத் தட்டிவிட்டுப் போனதும், ஊரே டாக்டராகிவிட்டது. ஒருத்தர் காபித்தூள் அப்பச் சொன்னார், ஒருத்தர் மஞ்சள் என்றார், இன்னொருத்தர் வாயில் தண்ணீர் ஊற்றச் சொம்போடு வந்தார். ரஞ்சிதம் யாரையும் கிட்டே விடவில்லை. வலியில் சொந்த நாயே கடிக்கும் என்று தடுப்பூசி முகாமில் டாக்டரம்மா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. தோள் துண்டால் அதன் வாயைக் கட்டினாள். துவைத்த வேட்டியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்தினாள். தூக்காமல், பலகையின் மேல் மெல்ல நகர்த்தினாள்.

அவள் புருஷன் துளசிங்கம் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. அவன் வருவதற்கு முன்னால் அவன் கனைப்பு வரும், பீடி கொடுத்த சொத்து அது. அன்றைக்கும் கனைத்துக்கொண்டே வந்தான்.

"நாய்க்கு எதுக்கு ஆஸ்பத்திரி? சாக்குல போட்டுக் குடு. நான் பாத்துக்கறேன்."

ரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள். அவன் பாய்லர் பக்கம் போய்விட்டான்.

அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. அந்தக் கடைக்கு ஒரு பாய்லர், ஒரு கல்லா, ஒரு ஜிம்மி. துளசிங்கத்தின் அப்பா காலத்திலிருந்தே எந்த நாய் வந்தாலும் ஜிம்மிதான். ஆனால் அதற்கும் ஒரு முறை இருந்தது. ஜிம்மி செத்தால் கடைக்குப் பின்னால் புதைப்பார்கள், அது தின்ற மண் தட்டைக் குழியின் மேல் உடைப்பார்கள், வீட்டு ஆண் குனிந்து, "உன் பேரைக் குடுத்துட்டுப் போடா" என்பான். அப்புறம்தான் அந்தப் பெயர் அடுத்த குட்டிக்கு. ஊரில் பாதிப் பேர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் ஒருத்தரும் தங்கள் செத்த நாயின் பெயரை அடுத்த நாய்க்கு வைத்ததில்லை, அது வேறு விஷயம்.

போன ஜிம்மி கறுப்பு. ஒரு கண் வெள்ளை விழுந்தது. நல்ல கண்ணால் பார்க்க வேண்டித் தலையை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கும். படுக்கும் முன் தரையைப் பறட் பறட்டென்று கீறிவிட்டுத்தான் படுக்கும். அதற்குத் துளசிங்கத்தைக் கண்டால் ஆகாது, உறுமும். லாரி மோதி அதற்குப் பின்கால் நசுங்கியபோது ரஞ்சிதம் பிறந்த வீட்டில் இருந்தாள். திரும்பி வந்ததும், செத்துவிட்டது, சாக்கில் எடுத்துப்போய் அம்மையார்குப்பம் போகிற வழியில் புதைத்துவிட்டேன், சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டேன் என்றான். தட்டு மட்டும் உடையாமல் பரணில் இருந்தது. அவள் கேட்கவில்லை.

இந்த ஜிம்மி செம்பட்டை நிறம். மகிழ்ச்சி வந்தால் தும்மும். மகள் அபி பள்ளிக்கூடம் விட்டு வருகிற பஸ்ஸின் சத்தம் கேட்டாலே தும்ம ஆரம்பித்துவிடும். அபி அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். 'ஜிம்மி இல்லாம வராத' என்று அழுதுதான் அம்மாவை ஆட்டோ ஏற்றி அனுப்பியிருந்தாள்.

டாக்டர் மோனிஷா உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் வெள்ளையாகவே நின்றது. உள்ளே ரத்தம் போகிறது, உடனே திறந்து தைக்க வேண்டும் என்றாள். கையில் ஊசி ஏற்றிக்கொண்டே பெயர், ஊர் எல்லாம் கேட்டாள். புருஷன் பெயர் கேட்டதும் ரஞ்சிதம் இளம்பரிதியின் பக்கம் திரும்பினாள். ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் அவள் வழக்கம் அதுதான். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்திருந்தார்கள்.

"துளசிங்கம்னு போட்டுக்கோங்க மேடம்" என்றான் இளம்பரிதி. "அக்கா சொல்லாது. அண்ணன் செஞ்சுரி அடிக்கணும் இல்ல?"

தையல் முடிகிற நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் விளக்கு மட்டும் எரிந்தது. மலைப்பக்கமிருந்து அரோகரா சத்தம் வந்துகொண்டிருந்தது. அதுவும் மழை பிடித்ததும் அடங்கிவிட்டது. டாக்டர் ரஞ்சிதத்தை உள்ளே கூப்பிட்டாள்.

"தலையைப் புடிச்சுக்கோங்க. மயக்கம் தெளியறப்ப பழகின குரல் கேட்டா பயப்படாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுகினே இருங்க."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரஞ்சிதம் குனிந்து, அதன் காதோடு காதாகக் கூப்பிட்டாள்.

ஜிம்மி. ஜிம்மி.

மூச்சு மெலிந்தது. டாக்டர் ஈறைப் பார்த்தாள், முகம் மாறியது, வேறொரு ஊசியை எடுக்கத் திரும்பினாள். ரஞ்சிதத்துக்கு அபியின் முகம்தான் கண்ணில் நின்றது. எந்த மூஞ்சியோடு வீட்டுக்குப் போவது? இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். வந்துடு ஜிம்மி, எங்க இருந்தாலும் வந்துடு.

முதலில் வந்தது வாசனை.

வெல்ல வாசனை இல்லை. நனைந்த சாக்கு. அதற்கடியில் சூரியன் படாத சேறு.

பிறகு சத்தம். நாய் வாய் திறக்கவில்லை. உதடு கூட அசையவில்லை. ஆனால் உள்ளேயிருந்து ஓர் ஊளை வந்தது. மேஜை மேல் கிடக்கிற நாயின் ஊளை இல்லை அது. எங்கேயோ ஆழத்திலிருந்து சுவரில் மோதி மோதி ஏறி வருகிற ஊளை.

மயக்கம் தெளியும்போது சில நாய்கள் இப்படித்தான் அழும் என்றாள் டாக்டர். சொன்னவள் ஒரு எட்டுப் பின்னால் வைத்ததை ரஞ்சிதம் பார்த்தாள்.

ஜிம்மி கண் திறந்தது. தலையை மெல்லத் தூக்கியது.

ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது.

வீட்டுக்கு வந்த பிறகு காயம் ஆறியது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்டிகையே வந்து பார்த்துவிட்டு, காபித்தூள் அப்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறியிருக்கும் என்றது. ஆனால் ஜிம்மி தும்மவில்லை. அபி பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்தால் யாரோ என்று பார்த்தது. ராத்திரி அபி பாயை விட்டு எழுந்து அம்மாவிடம் வந்து படுத்துக்கொண்டாள். ஏன் என்றதற்கு, "அது நம்ம ஜிம்மி இல்லம்மா" என்றதோடு சரி. படுக்கும் முன் அது தரையைக் கீறியது. பறட். பறட். தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணில் அடியே படவில்லையே, இது எப்படி வெள்ளை விழுந்தது என்று குழம்பினாள்.

துளசிங்கத்தைக் கண்டு அது உறுமவில்லை. அவன் எங்கே போனாலும் பின்னாலேயே போனது. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அவனையே பார்த்தது. துளசிங்கம் சோறு இறங்காமல் பாதித் தட்டில் எழுந்தான்.

ஒரு நாள் காலை அம்மையார்குப்பத்து வளவன், தறியில் நெய்த சேலை மூட்டையை பஸ்ஸுக்கு ஏற்ற வந்தவன், டீக்கு உட்கார்ந்தான். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, எங்க ஊர் வழியில் இருக்கிற பாழுங்கிணற்றில் கொஞ்ச நாளாக ஒரு நாய் சத்தம், கயிறு கட்டி ஆளை இறக்கியும் பார்த்துவிட்டோம், உள்ளே ஒரு மக்கின சாக்கு தவிர ஒன்றும் இல்லை என்றான்.

"குலைக்கற சத்தமா?" என்று கேட்டாள் ரஞ்சிதம்.

"இல்லக்கா. அதான் வேடிக்கை. தும்முது."

துளசிங்கத்தின் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது.

ரஞ்சிதம் உடைந்த கண்ணாடியைப் பெருக்கி எடுத்தாள். பெருக்கும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாக்கில் போட்டபோது அது சாகவில்லை. குழியும் தோண்டவில்லை. உயிரோடு கிணற்றில் போட்டுவிட்டு வந்தவன், குனிந்து பெயரைக் கேட்டிருப்பானா? பெயர் அதனிடமே இருந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் மேஜை மேல் கூவிக் கூவிக் கூப்பிட்டாள். பெயருக்கு உடையவன் வந்துவிட்டான். அவளுடைய செம்பட்டைக் குட்டி போக வேறு இடமில்லாமல் அவன் காலி செய்த இடத்துக்குப் போயிருக்கிறது.

பரண் மேலிருந்து தட்டை எடுத்தாள்.

"வாய்யா" என்றாள் புருஷனிடம். "போட்ட எடத்துல போய்க் கேளு."

அவன் ஆயிரம் சாக்குச் சொன்னான். செத்துட்டுதுன்னு நினைச்சுத்தான் போட்டேன் என்றான். அதையே இன்னொரு தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. ரஞ்சிதம் தட்டோடு வாசலுக்கு இறங்கினாள். இளம்பரிதியின் ஆட்டோ வந்ததும், யாரும் கூப்பிடாமல் நாய் முதலில் ஏறி உட்கார்ந்தது.

நல்ல வெயில். கிணற்றைச் சுற்றி எருக்கஞ்செடி. ஒரு காக்கை கூட இல்லை. கைப்பிடிச் சுவர் இடிந்து, விளிம்பு நாக்கைத் துருத்தினாற்போல் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் வெயில் பாதிவரை இறங்கி நின்றுவிட்டது. மேலே ஏறிவந்தது அதே வாசனை.

நனைந்த சாக்கு.

அடியில் சின்னதாக ஒரு தும்மல் கேட்டது. ரஞ்சிதம் தட்டை விளிம்புக் கல்லில் ஓங்கி அடித்தாள். உடைந்த துண்டுகள் உள்ளே போயின. விழுந்த சத்தம் வரவில்லை.

துளசிங்கம் முட்டி போட்டுக் குனிந்தான். நாய் அவன் தோளோடு தோளாக வந்து நின்றது. அவன் வழக்கம்போல் கனைத்தான். கனைப்பு சுற்றிச் சுற்றிக் கிணற்றுக்குள் இறங்கியது.

திரும்பி வரவில்லை.

"உன் பேரைக் குடுத்துட்டுப் போடா."

பிறகு நாயின் தலை நிமிர்ந்தது. நேராக நிமிர்ந்தது. வெள்ளைக் கண்ணில் மெல்ல மெல்லக் கறுப்பு ஊறியது. ரஞ்சிதத்தைப் பார்த்தது, ஓடி வந்து முழங்காலில் மூக்கை முட்டி, தும்மு தும்மு என்று தும்மியது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். இளம்பரிதி கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துளசிங்கம் எழுந்திருக்க நேரமாயிற்று.

திரும்பும்போது ஜிம்மி அவள் மடியை விட்டு இறங்கவில்லை. துளசிங்கம் உட்கார்ந்த பக்கம் திரும்பவும் இல்லை, நடுங்கிக்கொண்டே வந்தது. பாவம், பயந்திருக்கும் என்று நினைத்தாள். கண்டிகை வருகிற வரைக்கும் துளசிங்கம் ஒரு தடவை கூடக் கனைக்கவில்லை என்பது வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

அபி ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். வீடு பழையபடி ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். துளசிங்கமே திருந்திவிட்டான் என்றார்கள். பீடி இல்லை, வெட்டிப் பேச்சு இல்லை. கடை வாசலை விட்டு நகராமல் வருகிறவன் போகிறவனைக் கவனிக்கிறான். ஒரு கண்ணில் வெள்ளை தட்டுகிறது, புரை விழுந்திருக்கும், அதனால்தான் தலையைச் சாய்த்துப் பார்க்கிறான் என்று வயதைக் காரணம் சொன்னார்கள். ஜிம்மிதான் அவனைக் கண்டால் வாலை இடுக்கிக்கொண்டு அபியின் பின்னால் ஒளிகிறது.

ராத்திரி பாய் விரித்தால் அவன் உடனே படுப்பதில்லை. குதிகாலால் பாயைக் கீறுகிறான்.

பறட். பறட்.

வளவன் மறுபடி மூட்டையோடு வந்தான். துளசிங்கம் கொண்டுவந்து வைத்த டீயை ஆற்றிக்கொண்டே, அந்தக் கிணற்றில் இப்போது நாய் சத்தம் நின்றுவிட்டது அக்கா என்றான். ரஞ்சிதம் தலையாட்டினாள்.

"இப்ப வேற. யாரோ தொண்டையைக் கனைச்சுகினே இருக்கற மாதிரி கேக்குது. ராத்திரி பகல்னு இல்ல."



அன்று பிற்பகல் கடையை அபியிடம் விட்டுவிட்டு, ரஞ்சிதம் பஸ் ஏறித் தனியாக அந்தக் கிணற்றுக்குப் போனாள். விளிம்பில் குனிந்தாள். அடியில், பொறுமையாக, ஒரு கனைப்பு. கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

வாயைத் திறந்தாள். 'அபி நைனா' என்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். 'ய்யோவ்' என்று வந்தது. வாழ்க்கையில் ஒரு நாளும் சொல்லாத அந்தப் பெயர் நாக்கின் அடியில் கல்லாகக் கிடந்தது. சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால்? வெயில் சாயும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

பின்னால் எருக்கஞ்செடிக்கு நடுவில், யாரோ மண்ணைக் கீறுகிற சத்தம் கேட்டது.

துளசிங்கம் நின்றிருந்தான். கண்டிகையிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறான். கால் முழுக்கப் புழுதி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.