மெய்லின் வீட்டுக் கதிரை

அனோஜினி இப்போதெல்லாம் வாயைத் திறந்தால் கதிரைக் கதைதான்.

"முதுகு சாய்க்கிற பலகை முழுக்கப் பூவும் பறவையும் செதுக்கியிருக்கு, றொஷினி! இரும்பு மாதிரிப் பாரம். மெய்லினின்ர அப்பா சீனாவிலயிருந்து கப்பலில எடுப்பிச்சவராம்."

"ஓ" என்றாள் றொஷினி. வயிறு எரிந்தது. பாலர் வகுப்பிலிருந்தே அனோஜினி அவளுடைய கூட்டாளி. பள்ளி விட்டதும் ஒன்றாக இருந்துதான் வீட்டுப்பாடம் செய்வார்கள். 2004 தை மாதம், பிரெஞ்சு பேசும் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்களுடைய கட்டடத்தின் மேல்மாடிக்கு மெய்லின் குடிவந்தாள். அவ்வளவுதான், அனோஜினி மாலை முழுக்க அங்கேயே கிடக்கத் தொடங்கினாள்.

"நீயும் வாவன்."

"நான் வரேல்லை" என்ற றொஷினி, அடுத்த நாளே படியேறினாள். அந்தக் கதிரையில் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும்!

குறை ஒன்றும் அகப்படவில்லை. கருஞ்சிவப்பு மரம் பளபளத்தது. அதன்மேல் அனோஜினி மகாராணி போல் இருந்தாள். கதிரையின் முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு மரச்சட்டம். அவளுடைய பாதங்கள் அதன்மேல்!

"ஐயோ, காலை எடடி! இவ்வளவு வடிவான மரத்தில கால் வைக்கிறியே!"

மெய்லினின் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று பிரெஞ்சிலும் ஒருமுறை சத்தமாகச் சொன்னாள். இனி அனோஜினியை இங்கே கூப்பிட மாட்டார்கள்!

அம்மா சிரித்துவிட்டார். "அது கால் வைக்கத்தான், பிள்ளை. நிலம் குளிருமல்லவா?"

றொஷினி தலையைக் குனிந்தாள். அப்போதுதான் மெய்லினைக் கவனித்தாள். வெறும் நிலத்தில் பாதங்களைச் சுருட்டிக்கொண்டு அவள் இருந்தாள்.

"நீ ஏன் கீழே இருக்கிறாய்?"

"கதிரை வீட்டுக்கு வந்தவருக்குத்தான். அது எங்கள் வழக்கம்."

"ஒவ்வொரு நாளுமா?"

"அனோஜினி ஒவ்வொரு நாளும் வருகிறாளே" என்று மெய்லின் மெல்லச் சொன்னாள்.

இந்தப் பிள்ளையைப் பார்த்தா இத்தனை நாளும் பொறாமைப்பட்டேன் என்று றொஷினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கழுத்திலிருந்த நீளக் கம்பளிச் சால்வையை உருவி நிலத்தில் விரித்தாள்.

"தள்ளி இரு. இரண்டு பேருக்கும் காணும்."

ஒரே கொப்பியில் இரண்டு தலைகளும் குனிந்தன. மெய்லின் போட்ட கணக்கில், கூடையில் இருந்ததைவிடக் கூடுதலான அப்பிள்களை ஒருவர் சாப்பிட்டு முடித்திருந்தார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மேலே அனோஜினி நெளிந்தாள். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லுங்கோவன்!"

இருவரும் நிமிரவேயில்லை. மகாராணியின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. கடைசியில் தொப்பென்று குதித்து இறங்கினாள்.

"தள்ளுங்கோ, நானும் வாறன்!"

றொஷினி கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்தாள். பிறகு மெய்லினை நெருங்கி இருந்து, அனோஜினிக்கும் இடம் விட்டாள்.