துமிரா வீட்டுத் தண்ணீர் பில்

"திருடின்னு எழுதியிருக்கான் அண்ணே!" துமிரா தண்ணீர்க் கம்பெனிக் கடிதத்தை வகிமானின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மூணு மெஷின் ஓட்டுறேன். ரெண்டு மாசமா குறைஞ்சபட்ச பில்தான் வருது. மகராசன் எவனோ இரக்கப்பட்டான்னு சும்மா இருந்துட்டேன். இன்னிக்குப் பத்து மணிக்குக் குழாயை வெட்ட வர்றாங்களாம்."

கிலோ கணக்கில் துணி வெளுத்துப் பிழைப்பவள் அவள். தண்ணீர் நின்றால் அன்றோடு கடை மூடல்.

வகிமான் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை சுமந்துவிட்டு, இப்போது பம்பு பழுது பார்ப்பவர். தெருவில் ஆடு காணாமல் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காப்பியை அடிமண்டி வரைக்கும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். மைத்துனன் ஜுமாடி அதற்குள் சைக்கிள் ரிக்‌ஷாவைத் திருப்பி நிறுத்தியிருந்தான்.

"மச்சான், தரைக்கு அடியில ரகசியக் குழாய் இருக்கு. தோண்டிப் பார்த்துடலாம்."

"புதுத் தரைடா. தோண்டினா உன்னையும் உள்ள போட்டு மூடிடுவா."

கடல் ஏற்றம் வரும் நாட்களில் தண்ணீர் அந்தத் தெருவுக்குள் வந்துவிடும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் மண்ணடித்துத் தரையை உயர்த்துவார்கள். கூரை இருந்த இடத்திலேயே இருக்கும். வாசல்தான் குட்டையாகிக்கொண்டே போகும். துமிரா தரையை உயர்த்தி இரண்டு மாதம் ஆகிறது. முற்றத்துக் குட்டைச் சுவருக்கு வெளியே, தெருப்பக்கம் இருந்த தண்ணீர் மீட்டரையும் அன்றைக்கே மேலே தூக்கி மாட்டியிருந்தார்கள்.

மீட்டரில் கம்பெனியின் ஈய முத்திரை முழுசாக இருந்தது. தெருவில் நின்று மூடியைத் திறந்த ஜுமாடி தலையைச் சாய்த்தான். "எண்ணெல்லாம் தலைகீழா நிக்குது, மச்சான்."

வகிமானோ சுவருக்கு உள்ளே, சிமென்ட் தரையில் இறுகிப்போயிருந்த பூட்ஸ் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதங்களும் தெருவைப் பார்த்திருந்தன.

"அதுவா? ஈரம் காயுறதுக்குள்ள எந்தக் கழுதையோ மிதிச்சிடுச்சு. கொத்தனாரு நாள் முழுக்கத் திட்டினாரு" என்றாள் துமிரா.

"கொத்தனாரு பூட்ஸ் போடுவாரா?"

"வெறுங்கால்தான்."

"அன்னிக்குத் தெருவுல தண்ணி?"

"முழங்கால் வரைக்கும்."

கதவுக்குப் பின்னால் தொங்கிய மீட்டர் அட்டையை எடுத்துப் பார்த்தார். தரை உயர்த்துவதற்கு முந்தின நாள் 812. அடுத்த மாதம் 774. இந்த மாதம் 731. வகிமான் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒரு மெஷினைப் போடும்மா."

அதிகாரி ஹார்யோ சரியாகப் பத்து மணிக்கு வந்தார். வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். பின்னால் மீட்டர் கணக்கெடுக்கும் சுகேங், ரப்பர் பூட்ஸோடு.

"தம்பி, அந்தத் தடத்துல காலை வை" என்றார் வகிமான்.

சுகேங் தயங்கித் தயங்கி வைத்தான். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

"மீட்டரைத் தூக்கி மாட்டினது நீதான். தெருவுல முழங்கால் தண்ணி. நனைய மனசில்லாம உள்ளே ஏறி நின்னு, சுவருக்கு மேல குனிஞ்சு மாட்டினே. வெளியேயிருந்து பார்த்தா இடது பக்கம் இருக்க வேண்டியது உனக்கு வலது பக்கமாத் தெரிஞ்சுது. மீட்டர் திரும்பி உட்கார்ந்துடுச்சு, தண்ணி ஓட ஓட எண்ணு பின்னால போகுது. பாருங்க ஐயா."

மெஷினுக்குள் தண்ணீர் இறங்க இறங்க மீட்டரின் கடைசி எண் குறைந்துகொண்டே போனது.

"எண்ணு குறைஞ்சுது சார்..." சுகேங் தலையைச் சொறிந்தான். "போன மாசம் நான்தான் தப்பா எழுதிட்டேனோன்னு பயந்து குறைஞ்சபட்சம் போட்டுட்டேன்."

"ரெண்டு மாசமுமா?" என்றார் ஹார்யோ.

"பயம் போகலை சார்."

ஹார்யோ நெற்றியைத் தடவினார். "அப்ப இந்தம்மா எவ்வளவு செலவழிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"எவ்வளவு குறைஞ்சிருக்கோ அவ்வளவும் செலவுதானே? எம்பத்தொரு யூனிட்" என்றார் வகிமான்.

"பாக்கியைத் தவணையாக் கட்டிடுறேன்" என்றாள் துமிரா. "முதல்ல நான் திருடி இல்லைன்னு அதே கடிதத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அவள் அதைத் தெருவே கேட்க இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து கைதட்டல் வந்தது. ஜுமாடி ரிக்‌ஷா மணியை விடாமல் அடித்தான்.

அதற்குள் ஏற்றம் தொடங்கி, தெருவில் கணுக்கால் அளவுக்குக் கடல் வந்துவிட்டது. மீட்டரைத் திருப்பி மாட்டத் தெருவில் நின்று ஸ்பேனரை எடுத்த சுகேங் மெதுவாகச் சுவர்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

துமிரா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"தண்ணியிலேயே நின்னு மாட்டுடா, என் ராசா!"