ஃபேஸ்-2வில் ஒரு பிணம்!

"மேடம், இங்கதான் ஸ்விம்மிங் பூல் வருது!"

ஹரிப்ரியா கை காட்டிய இடத்தில் சீமைக் கருவேல முள் மண்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி. சதுரங்கப்பட்டினம் சாலையோரம் 'ரிவியரா கார்டன்ஸ், ஃபேஸ்-2'. ஃபேஸ்-1 எங்கே என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கிற புத்தி இருந்தால் ஓசி ஏசி வேனுக்கும் ஓசி பிரியாணிக்கும் ஆசைப்பட்டு ஐம்பது கிலோமீட்டர் வந்திருக்க மாட்டார்கள்.

"அதோ அது கிளப் ஹவுஸ். இது குழந்தைங்க பார்க். நீங்க நிக்கிறீங்களே, இது நாப்பதடி ரோடு!"

நாற்பதடி ரோட்டில் ஓர் எருமை சாணி போட்டுக்கொண்டிருந்தது.

வேனில் வந்த பதினாலு பேரில் வைஷாலி மட்டும்தான் ப்ரோஷரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். ஐ.டி. கம்பெனியில் பிறர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதே அவளுக்கு உத்தியோகம்.

"அந்த மஞ்சக் கல்லு பக்கத்துல படுத்திருக்காரே... அவர் யாரு? வாட்ச்மேனா?"

"எங்க மேடம்?"

திரும்பிய ஹரிப்ரியாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

பிளாட் நம்பர் நாற்பத்தேழு. ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. எல்லைக்கல்லின் மஞ்சள் பெயின்ட் மேல் ரத்தம்!

"ஐயோ...!"

வைஷாலி போட்ட அலறலில் எருமையே ஓடிப்போனது.

---

இன்ஸ்பெக்டர் பிரபாவதி மொய்த்த ஈக்களைக் கைக்குட்டையால் விரட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"யாருய்யா இது?"

சப்-இன்ஸ்பெக்டர் இனியன் அடையாள அட்டையை நீட்டினான்.

"ராமானுஜம், மேடம். கடலோரப் புதுநகர்த் திட்டக் குழுவுல சீனியர் பிளானர். ரிங் ரோடு எங்க போகணும், பஸ் ஸ்டாண்டு எங்க வரணும்னு கோடு போடுறவர்."

"அப்ப கொல்றதுக்குப் பாதி ஜில்லாவுக்கே காரணம் இருக்கு."

உண்மைதான். புதுநகர் வருகிறது என்று பேச்சு கிளம்பிய நாளிலிருந்து இந்தக் கடற்கரையில் ஒருவனும் ஒழுங்காகத் தூங்கவில்லை. சவுக்குத் தோப்பு 'வில்லா' ஆனது. வண்ணான் குளம் 'லேக் வியூ' ஆனது. நேற்றுவரை மீன் வண்டி ஓட்டியவன் இன்றைக்கு 'லேண்ட் கன்சல்டன்ட்'!

"மேடம், ஆள் ரெடி!" இனியன் செல்போனை நீட்டினான். முகத்தில் மெடல் வாங்கின சிரிப்பு.

போனில் ஒரு வீடியோ. போன வாரம் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம். மேடையில் ராமானுஜம். கீழே ஓர் இளைஞன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்துகிறான்.

'எங்க வூட்டு மேல ரோடு போடுவியா? உன்னப் படுக்கவெச்சு உம்மேல ரோடு போடுறேன் பாரு!'

"பேரு சாம். பக்கத்து காலனி. நாப்பது வீடு. ரோடு அது மேல போகுதுன்னு எவனோ புரோக்கர் மேப் காட்டினதுல பிரச்னை. சாட்சியும் இருக்கு மேடம். இந்த லேஅவுட் ஓனர் தாமோதரன் கண்ணால பாத்திருக்காரு!"

---

ஸ்டேஷன். மணி மூன்று.

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கிகினு இருந்தேன் மேடம்." சாமின் உதடு வீங்கியிருந்தது. இனியனின் விசாரணை! "அந்த ஆளைத் திட்டினேன். இல்லன்னு சொல்லல. ஆனா கொல்லல."

"நீ தூங்கினதுக்கு யாரு சாட்சி?"

"பொஞ்சாதி சர்ச்சுக்குப் போயிருந்துச்சு..."

வாசலில் கான்ஸ்டபிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் ஜாக்குலின். அழுது முகம் சிவந்திருந்தது.

"மேடம்! ஒம்போது வருசமா சிங்கப்பெருமாள் கோயிலாண்ட கம்பெனில காண்ட்ராக்ட்ல மாடா உழைச்சிகினு கீறாரு. நாளைக்கிக் காலைல பர்மனென்ட் ஆர்டர்! இன்னிக்கி உள்ள போட்டீங்கன்னா அது வேற எவன் கைக்கோ பூடும். எங்க மாமனாரு கடேசி வரைக்கும் அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டே செத்தாரு. அந்த மூணு சென்ட்டு வூடும் இந்த வேலையும்தான் எங்களுக்குக் கீது. ரெண்டையும் புடுங்கிப்பீங்களா?"

"வெளிய போம்மா!" இனியன் சீறினான். "மேடம், அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டுல இருக்கணும். கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"தாமோதரன் ஸ்டேட்மென்ட்டைக் கொடு."

படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது.

"தாமோதரன் எங்க?"

"வெளியதான் மேடம். ஜூஸ் வாங்கிக் கொடுத்திருக்கேன்."

"நல்ல மரியாதை! கூப்பிடு."

வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. தாமோதரன் வந்து உட்கார்ந்தார்.

"பாவம் ராமானுஜம் சார். ரெண்டு மாசமா நான் அவரைப் பார்க்கவே இல்ல. இப்படிப் பார்ப்பேன்னு நினைக்கல."

"காலைல என்ன பார்த்தீங்க?"

"ஒன்பதரைக்கு செங்கல்பட்டுலேருந்து கார்ல வந்துட்டிருந்தேன். இந்தப் பையன் பைக்ல சைட்டுலேருந்து தலைதெறிக்க வந்தான். ரவுண்டானாவைச் சுத்தி லெஃப்ட்ல போயிட்டான்."

"எந்த ரவுண்டானா?"

"நம்ம சைட்டுக்கு எதிர்ல இருக்கே மேடம்... அந்தப் பெரிய ரவுண்டானா..."

தாமோதரன் சட்டென்று நிறுத்தினார்.

பிரபாவதி சிரித்தாள்.

"இன்னிக்கு அங்கதான் ரெண்டு மணி நேரம் நின்னேன். உங்க சைட்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடை, ஒரு பனைமரம், ஒரு எருமை. ரவுண்டானா இல்லையே?"

"அது... வரப்போகுது மேடம். வாய் தவறி..."

பத்து வருடமாக இல்லாததை இருக்கிறது என்று சொல்லியே பிழைத்த வாய். முள்ளைக் காட்டி நீச்சல் குளம் என்றது. பொட்டலைக் காட்டி பார்க் என்றது. போலீஸ் ஸ்டேஷனிலும் அதே பழக்கம்!

"வரப்போகுதுன்னு யாரு சொன்னா? உங்க ப்ரோஷர்ல நீச்சல் குளம் இருக்கு, கோயில் இருக்கு, ஹெலிபேட்கூட இருக்கு. ரவுண்டானா இல்ல. ப்ரோஷர் அச்சடிச்சு நாலு நாள்தான் ஆகுது. வெளிய வராத பிளான் உங்க வாய்ல எப்படி வந்துச்சு?"

தாமோதரனின் வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியது.

பிரபாவதி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். திட்டக் குழு இயக்குநர் சம்பத்தை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாள். ஐந்து நிமிடம் பேசினாள். "அந்த பிளானை வாட்ஸ்அப்புல அனுப்புங்க சார்" என்று முடித்தாள்.

"இனியன்! இவர் காரையும், சைட்டுல நிக்கிற ராமானுஜம் ஸ்கூட்டர் டிக்கியையும் சல்லடை போடு. போ!"

---

நாலேகால்.

கார் மிதியடிக்குக் கீழே கிடைத்தது அந்த வரைபடம். ரிவியரா கார்டன்ஸ் வாசலில் சிவப்பு மையில் பெரிய வட்டம். கீழே ராமானுஜத்தின் கையெழுத்து. இன்றைய தேதி!

"ரெண்டு மாசமா பார்க்காத ஆளு, இன்னிக்குத் தேதி போட்டு உங்களுக்கு எப்படி சார் மேப் கொடுத்தாரு?"

தாமோதரன் ஜூஸ் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு மட்டும்னு சொல்லித்தான் கொடுத்தான்! அவன் பேச்சை நம்பி சுத்தியிருந்த முப்பது ஏக்கரையும் வெளிய மூச்சு விடாம வளைச்சுப் போட்டேன். மேப்பை என் கைல கொடுத்த அடுத்த நிமிஷமே வேற ஒருத்தனுக்கு போன் போடுறான்... 'பதினொரு மணிக்கு மாமல்லபுரம் வாங்க, இன்னொரு காப்பி ரெடி'ன்னு! என் எதிர்லயே! அந்தக் கல்லைப் பிடுங்கினேன்... காப்பி எடுக்கவே ஆள் இருக்கக் கூடாதுன்னு போட்டேன்!"

"பழியை சாம் மேல போட்டீங்க."

"அந்தக் காலனிக்காரனுங்க எப்படியும் காலி பண்ணவேண்டியவனுங்கதானே?"

மூலையில் நின்ற சாம் பாய்ந்தான். ஜாக்குலின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு, சாம். நீ கிளம்பு." பிரபாவதி ரிமாண்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வைத்திருந்த பேனாவை மூடினாள். "நாளைக்குப் போய் ஆர்டரை வாங்கிக்க. இனியன், அவர்கிட்ட மன்னிப்புக் கேளு."

"மேடம்... நானா?"

"உதட்டை உடைச்சது நீதானே?"

இனியன் வாய்க்குள் ஏதோ முனகினான். சாம் அசையவில்லை.

"எங்க வூட்டு மேல ரோடு, மேடம்?"

"எந்த ரோடும் இல்ல. இவரோட புரோக்கருங்க உங்களுக்குக் காட்டின மேப் டுபாக்கூர். பயந்துபோய் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பீங்கன்னு. டைரக்டரே சொல்லிட்டாரு. நாப்பது வீட்டையும் ஒரு கோடுகூடத் தொடல."

ஜாக்குலின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தாமோதரன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயம் போய் வியாபாரி திரும்பி வந்திருந்தான்.

"ஆடாதீங்க மேடம். நல்ல வக்கீல் வைப்பேன். மூணு மாசத்துல பெயில். ரவுண்டானா வந்ததும் அந்த முப்பது ஏக்கர் எங்கயோ போயிடும். நானும் எங்கயோ போயிடுவேன்!"

பிரபாவதி மேஜை மேல் நாலு வரைபடங்களை வரிசையாக விரித்தாள்.

"ராமானுஜம் ஸ்கூட்டர் டிக்கில இருந்தது. பாருங்க. ஒரு மேப்புல ரவுண்டானா மதுராந்தகம் ரோட்டுல. இன்னொண்ணுல திருக்கழுக்குன்றத்துல. எவன் வாங்க வர்றானோ அவன் நிலத்து வாசல்ல ஒரு வட்டம்! எல்லாத்துலயும் இன்னிக்குத் தேதிதான்."

"பொய்...!"

"நீங்க ஊருக்குக் காட்டின நீச்சல் குளத்தை அவரு உங்களுக்குக் காட்டிட்டாரு."

தாமோதரன் நாலு மேப்பையும் மாறிமாறிப் புரட்டினார்.

"அப்ப... அப்ப என் முப்பது ஏக்கர்ல நிஜமா என்னதான் வருது?"

பிரபாவதி, சம்பத் அனுப்பிய அசல் திட்டத்தை போனில் பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"புது மாவட்டச் சிறைச்சாலை! கட்டி முடிக்க ரெண்டு வருஷம். உங்க கேஸ் முடியவும் அவ்வளவு ஆகும். லேஅவுட் போட்டு வித்துட்டு ஓடிப்போற புரமோட்டருங்களைத்தான் சார் நான் பார்த்திருக்கேன்... வளைச்சுப் போட்ட இடத்துலயே ஆயுசு பூரா குடியிருந்து காட்டப்போற முதல் ஆளு நீங்கதான்!"