கத்தரி படுமுன்

கத்தரி படுவதற்கு முன்பே பார்லிக் கதிர்களுக்கு வலித்திருந்தது. ஆய்வகக் கணினித் திரையில் செங்குத்தாக எழுந்து நின்ற கோடு அப்படித்தான் சொன்னது: பால் பிடித்த மணிகளில், காயம்பட்டால் மட்டும் விழிக்கிற மரபணுக்கள் அத்தனையும் விழித்திருந்தன.

வெட்டிய கதிரைக் கண் இமைப்பதற்குள் திரவ நைட்ரஜனில் முக்கிவிட வேண்டும். வெட்டுப்பட்ட சேதி மணிகளை எட்டுமுன் அவை உறைந்துவிட வேண்டும். கணவன் வெட்டுவான், அவள் முக்குவாள். முக்குகிற கை மந்தம் என்று ஆய்வகத் தலைவர் எல்லார் முன்னாலும் சொன்னார். ஆனால் அவள் தனியாக வெட்டிய நாட்களில் அந்தக் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. அவன் வளர்ப்பறைக்குள் போன நாட்களில் மட்டும் எழுந்தது. செடிகளுக்கு அவனைத் தெரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? படுக்கையில் அவன் விரல்களில் தங்கிவிட்ட பச்சை வாசனையை முகர்ந்தபடி, அந்த எண்ணத்தை அவள் விழுங்கிக்கொண்டே கிடந்தாள்.

கடைசியில் மதியச் சாப்பாட்டின்போது, நீங்கள் போனால்தான் கோடு எழுகிறது, இனி நானே வெட்டுகிறேன், நீங்கள் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லியே விட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“உங்க அம்மாகூட என்னை இப்படிச் சந்தேகப்படல, தாயே.”

மின்விசிறிக் காற்றில் கதிரும் கதிரும் உரசித்தான் காயம்படுகிறது, அதை நிறுத்திவிட்டு இன்று நான் போகிறேன், பார் என்றான். நம்பத் தோதான பேச்சு. நம்பிவிட ஆசையாகவும் இருந்தது. அவளே பொத்தானை அழுத்தினாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வளர்ப்பறை வெள்ளை வெளிச்சத்தில் நின்றது. ரீங்காரம் அடங்கியதும் ஈரமண் வாசனை இன்னும் கனத்து, கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்தது. அவன் முதல் கதிரை வெட்டினான். அவளைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்கினான். அப்போதுதான் அந்தச் சரசரப்பு கேட்டது, முரட்டுத் துணியைத் துணிமேல் மெல்ல இழுப்பதுபோல.

காற்று இல்லை. கதிர்கள் சாய்ந்தன.

பார்லிக் கதிரின் நீண்ட முட்களில் ஒரே திசை நோக்கிய நுண்பற்கள். உள்ளே போகும். திரும்பாது.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். “வெளிய வாங்க.”

அவன் இருமினான். மறுபடி இருமினான். வாய் திறந்தது. தொண்டைக்குள் ஒரு கதிர். அதன் தாள் இன்னும் தொட்டியில் வேரோடு நின்றது.

கதவைத் திறந்து பாய்ந்தாள். தாளைப் பிடித்து இழுத்தாள். அவன் விக்கினான், ஒவ்வொரு விக்கலுக்கும் கதிர் உள்ளே நகர்ந்தது. அவள் மணிக்கட்டில் அவன் ரத்தம் சூடாக வழிந்தது. வேண்டாம் என்று அவன் தலை ஆடியது. அவளுக்குப் புரியவில்லை. கீழே கிடந்த கத்தரியை எடுத்தாள்.

வெட்டினாள்.

அறை முழுவதும் நிமிர்ந்தது.

கன்னம். காது. இமைக்கு அடியில். அவன் அலறல் பாதியில் அடைத்துக்கொண்டது. அவளை ஒன்றுகூடத் தொடவில்லை. அவள் மடியில் சரிந்த அவன் உடல் தூக்கித் தூக்கிப் போட்டது.

பிறகு கழுத்துத் தோல் உள்ளிருந்து புடைத்தது. கிழிந்தது. பச்சை நுனிகள், இரண்டு வரிசையாக. அவன் மூச்சுக்கு அசைந்தன.

மூச்சு நின்றது.

அசைந்தன.