வெள்ளை இணையின் கறுப்புக் குஞ்சு

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில் உள்ள தன் வீட்டின் பேஸ்மென்டுக்கு இறங்கிச் சென்ற அன்ரனெற், அடைகாப்புப் பெட்டியில் இருந்த ஒன்பது முட்டைகளும் கீறப்பட்டிருப்பதைக் கண்டாள். எட்டு முட்டைகளிலிருந்து எட்டு வெள்ளைத் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்பதாவதிலிருந்து நீண்டிருந்த தலை கறுப்பு.

அவளுக்கு முதலில் ஏற்பட்டது அச்சம் அன்று, எரிச்சல். யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பாடசாலையில் பதினைந்து ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் கற்பித்தவள் அவள். பிழையான விடை எழுதப்பட்ட தாளைப் பார்ப்பது போலவே அந்தக் கறுப்புத் தலையைப் பார்த்தாள். கிங்ஸ்னேக் என்னும் இந்தக் கறுப்புப் பாம்பினத்தில் வெள்ளை நிறம் பின்னிடைவானது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தாலொழிய வெளியே தெரியாது. ஆகவே வெள்ளையாகத் தெரியும் பாம்புக்குள் கறுப்பு எங்கும் ஒளிந்திருக்க இயலாது. வெவ்வேறு வகை வெள்ளைகள் இரண்டு சேர்ந்தால் கறுப்புப் பிறக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த இணை அப்படியன்று. யூனியன்வில்லில் ஒருவனிடம் வாங்கிய, ஒரே தாயின் ஒரே ஈட்டில் பொரித்த அண்ணனும் தங்கையும்.

உயர்தரப் பரீட்சையில் இருமுறை விலங்கியலில் தவறிய அவள் கணவன் நீக்கிலாஸ், கனடாவுக்கு வந்து பாம்பு வளர்ப்பதன் மூலம் அந்தத் தோல்வியைத் திருத்திவிட்டதாக நம்பினான். ராசநாகத்துக்குப் பால் வைக்கிறீர்களா என்று பூசை முடிந்து கோவிலில் கேட்ட அயல்வீட்டுக் கிளடிஸுக்கு, இது நாகமே அல்ல, விஷமற்றது என்று விளக்கி, அவள் முகத்தில் பதிந்த ஏமாற்றத்தைக்கூட உணராதவன். மாலையில் ஒஷாவாவிலிருந்து, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையின் எண்ணெய் மணத்தோடு வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தான்.

"வேற ஆண் பாம்பு ஏதும் உள்ளுக்கை விட்டனீங்களோ?" என்றாள் அன்ரனெற்.

"சத்தியமா இல்லை. உவள் பிறந்த நாளிலயிருந்து உவனைத் தவிர ஒருத்தரையும் கண்டதில்லை."

"அப்ப உது எங்கையிருந்து வந்தது? பரிசுத்த ஆவியாலயோ?"

"பகிடி விடாதையும். நீர்தானே ரீச்சர். நீர் சொல்லும்."

அவன் முன்னால் அவளுக்கு விடை தெரியாமற் போனது அதுவே முதல் தடவை.

அன்ரனெற்றுக்கு நாற்பத்தொரு வயது. நாலு மாதக் கர்ப்பிணி. இரண்டு குழந்தைகள். ஜூன் மாதத்து ஸ்கானில் இரண்டு இதயங்களும் இரண்டு அரிசிமணிகளைப் போலத் துடித்ததை அவள் தன் கண்ணாற் கண்டிருந்தாள். நீக்கிலாஸ் அவளுடைய அம்மானின் மகன். ஆயரின் விசேட அனுமதி பெற்று மணந்தவன். ஆகவே மருத்துவமனையில் பரம்பரை நோய் ஆலோசனைக்கு அழைத்தார்கள்; அவளுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேளாமலே, கௌசி என்ற மொழிபெயர்ப்பாளரையும் பக்கத்தில் இருத்தினார்கள்.

"அன்ரி, நீங்களும் அங்கிளும் ரத்தச் சொந்தமோ எண்டு டொக்ரர் கேக்கிறா."

"பிள்ளை, கேள்வியும் விளங்கினது, விடையும் தெரியும். எங்களுக்குப் பொது எட்டிலை ஒண்டு. எழுதச் சொல்லும்."

ஆலோசகர் தந்த, படம் போட்ட துண்டுப்பிரசுரத்தை அவள் வெளியே இருந்த குப்பைத் தொட்டியில் நேராக மடித்துப் போட்டாள். பரம்பரையைக் கணக்கிடும் நாலு கட்டச் சதுரத்தைத் தனக்கே வரைந்து காட்டுகிறார்கள். அந்தச் சதுரம் பொய் சொல்லாது என்பதில் அவளுக்கு இருந்த நம்பிக்கை, செபமாலையில் இருந்த நம்பிக்கையைவிட அதிகம். பெற்றோரிடம் இல்லாதது பிள்ளையிடம் வராது. அந்த ஒரே வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரவில் உறங்கினாள்.

குஞ்சுகள் ஞாயிறு காலை முட்டையை விட்டு முழுதாக வெளியே வந்தன. நீக்கிலாஸ் அவற்றுக்கென்று ஒன்பது சிறு பெட்டிகளை வோஷிங் மெஷின் மேல் கோணல்மாணலாக அடுக்கியிருந்தான்.

"ஒண்டா விடாதையும்," என்றான் வேலைக்குப் புறப்படும்போது. "உது பாம்பைத் தின்னுற பாம்பு. கூடப்பிறந்தது எண்டு பாராது."

"முதல் தோல் உரிக்கமுன்னம் குஞ்சு ஒண்டும் தின்னாது. உங்கடை புத்தகத்திலையே கிடக்கு. வாசிச்சுப் பாருங்கோ."

அவன் போனதும், ஒன்பதையும் ஒரே பெரிய பெட்டியில் ஈரத்தாளின் மேல் விட்டு, மூடியின் நான்கு பூட்டுகளையும் அழுத்தி, வோஷிங் மெஷினைத் துடைத்தாள். ஒழுங்கு என்பது அதுதான்.

திங்கள் மாலை ஐந்து வெள்ளைகளே இருந்தன.

பூட்டுகள் நான்கும் போட்டபடி இருந்தன. முழந்தாளிட்டுத் தரையெங்கும் தேடினாள். வெந்நீர்த் தாங்கியின் அடியிலும், நீக்கிலாஸ் எறிய மறுத்த பழைய சப்பாத்துகளின் உள்ளேயும் தேடினாள். பின்னர்தான் கறுப்பைக் கவனித்தாள். அது மூலையில் நீர்க்கிண்ணத்தைச் சுற்றிப் படுத்திருந்தது. தடித்திருந்தது. தோல் இன்னும் உரியவில்லை. அதன் கண் அவளைப் பார்த்தது. வெள்ளைகளின் சிவந்த கண்களைப் போலன்றி, ஒளி படும் இடமே இல்லாத கண்.

அப்போதுதான் வயிற்றுக்குள் அசைவை உணர்ந்தாள். பதினாறு வாரத்தில், அதுவும் தலைப்பிள்ளையில், அசைவு தெரிய இது காலமே அன்று. மேலும் அது உதையன்று, துடிப்புமன்று. நீளமான ஒன்று, படுத்த இடம் வசதியில்லாமல், தன்னை மெல்ல இழுத்து மறுபக்கம் சுருட்டிக்கொள்வதைப் போன்ற அசைவு.

வாயு என்று தனக்குத் தானே சொன்னாள். மூடப் பெண்களின் கற்பனை என்றும் சொன்னாள். மேலே போய்ச் சோறு வடித்தாள். நீக்கிலாஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சரியாகச் சொன்னான் என்று ஒப்புக்கொள்வதைவிட மூன்று பாம்புகளை இழப்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. குஞ்சுகளைப் பிரித்துவிடலாம். நாளை பிரிக்கலாம். பிரித்தால் பிழை தன்னுடையது என்றாகிவிடும்.

புதன் பிற்பகல் இடியோடு மழை பிடித்தது. புல்மட்டத்தில் இருந்த சிறு யன்னல் கறுத்து, அதன் வழியே பேஸ்மென்டுக்குள் விழுந்த வெளிச்சம் கழுநீரின் நிறத்துக்கு வந்தது. ஈரத்தாளின் புளிப்பும், நனைந்த சீமெந்தின் மணமும், இவற்றுக்கு அடியில் வெட்டிவைத்துப் பழுதான வெள்ளரிக்காயைப் போன்ற வேறொரு மணமும் படிக்கட்டு வரை ஏறி வந்தன. ஈரமுறிஞ்சும் இயந்திரம் தன் பாட்டில் முனகிக்கொண்டிருந்து, மின்சாரம் போனதும் சட்டென்று ஓய்ந்தது. அந்த ஓய்வில் அவளுக்கு ஓர் ஒலி கேட்டது. தாள் மெல்ல உரசும் ஒலி. பெட்டியை நோக்கிக் குனிந்தாள்.

கறுப்பின் வாய் விரிந்திருந்தது. வாய்க்குள் ஒரு வெள்ளை, தலை முதலாகப் பாதி போயிருந்தது. வெளியே இருந்த பாதி உயிரோடு இருந்தது. அது போராடவில்லை. வால் நுனி மட்டும் தாளின் மேல் இடமும் வலமுமாக எதையோ துடைத்துக்கொண்டிருந்தது.

மற்ற நான்கும் விலகி ஓடவில்லை. வரிசையாகக் காத்திருந்தன.

கறுப்பு ஒருமுறை விழுங்கியது.

அவளுக்குள்ளும் ஏதோ விழுங்கியது.

நிறுத்தியது. மீண்டும். அதே தாளம். தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம். இறுக்கம். தளர்வு. இறுக்கம். கையை வைத்தாள். கைக்குள் தெரிந்தது. வெள்ளை வால் உள்ளே போனது. வாய் மூடியது. வயிற்றுக்குள்ளும் ஒன்று மூடிக்கொண்டது.

பின்பு நிசப்தம். மிகுந்த திருப்தியோடு கூடிய நிசப்தம்.

எஞ்சிய நான்கையும் வெறுங்கையால் அள்ளி நான்கு சிறு பெட்டிகளில் போட்டாள். வோஷிங் மெஷின் மேல். கோணலாக. நேராக்க அவளுக்குக் கை வரவில்லை.

பதினாறாம் தேதி ஸ்கானில் ஓர் இதயமே துடித்தது. கருவியைப் பிடித்திருந்த பெண் அவள் வயிற்றின் மேல் நெடுநேரம் தேடினாள். பின்னர் டொக்டர் வந்தார். அன்ரனெற்றுக்கு ஆங்கிலம் திடீரென்று விளங்காமற் போனது. கௌசியின் முகத்தையே பார்த்தாள்.

"இது கனபேருக்கு நடக்கிறதாம், அன்ரி. ஒண்டு நிண்டு போனா மற்றது அதை... உள்ளுக்கை எடுத்திடுமாம்."

"எடுக்கிறதெண்டால்?"

"எனக்குச் சொல்லத் தெரியேல்லை, அன்ரி. ஆனா இருக்கிற பிள்ளை நல்ல சுகமாம். கிழமைக்கு மிஞ்சின வளர்த்தியாம்."

வீட்டுக்கு வந்து, நடந்த அனைத்தையும் நீக்கிலாஸிடம் அவள் வரிசை தவறாமல் சொன்னாள். அவன் அழுதான். அந்த அழுகையையும் அவள் இகழ்ச்சியோடே பார்த்தாள்.

"அதை அடிச்சுக் கொல்லுறன்," என்றான்.

"அடிக்கேக்கை உள்ளுக்கை இருக்கிறதுக்கு நோகாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆகவே பட்டினி போட்டுப் பார்த்தார்கள். சில நாட்களில் கறுப்பு பெட்டியின் சுவரோரமாகச் சுற்றத் தொடங்கியது. வயிற்றுக்குள் இருந்ததும் சுற்றத் தொடங்கியது. உறங்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தது. விலா எலும்பின் கீழ் வந்து, அவளுடைய மாமிசத்தில் வாயை வைத்து, எடுத்து, மீண்டும் வைத்தது. நீக்கிலாஸ் அவள் வயிற்றில் கை வைத்தான். கையை உடனே இழுத்துக்கொண்டான். மயிர் முளைக்காத எலிக்குஞ்சு ஒன்றைக் கறுப்புக்குப் போட்டுப் பார்த்தான். அது திரும்பியும் பார்க்கவில்லை. பின்னர் வெள்ளைகளில் ஒன்றைத் தூக்கி உள்ளே விட்டான்.

அன்றிரவு அவள் உறங்கினாள்.

முடிவாகத் தீர்மானிக்கப்பட்டவை இவை. கறுப்பை விற்பதில்லை, கொல்வதுமில்லை. எஞ்சிய மூன்று வெள்ளைக் குஞ்சுகளும் அதற்கே. அவை முடிந்தபின் யூனியன்வில்காரனிடம் வாங்கிப் போடுவது. அவனிடமும் இல்லையென்றால், அதற்குள் கறுப்பு போதிய அளவு வளர்ந்துவிடும் என்பதால், தகப்பனைக் கொடுப்பது, பின்னர் தாயை. பிரசவம் ஜனவரியில். மருத்துவமனைக்கு ஒன்றும் சொல்வதில்லை. இவற்றுக்கு நீக்கிலாஸ் உடன்பட்டான். மூன்றில் எதை முதலில் கொடுப்பது என்பதை அன்ரனெற்றின் பொறுப்பில் விட்டான். ஆனால் அவள் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டிகளின் முன்னால் போய் நின்றதும், அவளுக்குள் இருந்தது மெல்லத் திரும்பி, நடுப்பெட்டியை நோக்கித் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது.