குளிகையில் எடுத்த பெட்டி

கார்த்திகை மலைமீது இறங்கும் காலத்தில் ஊரே தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். மாத்தளைக் குன்றுகள் ஒவ்வொன்றாய் முகிலுக்குள் ஒடுங்கும். மிளகுக் கொடியிலிருந்து வேலிக்கும் வேலியிலிருந்து வயலுக்கும் நீர் ஓயாது இறங்கிக்கொண்டிருக்கும். பகல், வந்த காரியம் மறந்த விருந்தாளியைப் போல் வெளிறிப்போய் நிற்கும். அத்தகைய ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலொன்றில், பல்லேபொலையிலுள்ள தன் வீட்டு உள்ளறையில், காய்ச்சலில் கிடந்த மகள் வாகினியின் நெற்றித் துணியை மாற்றிக்கொண்டிருந்த சிவதர்ஷினிக்கு, முற்றத்திலிருந்து உலக்கை விழும் ஓசை கேட்டது.

உரலைக் கவிழ்த்து வைத்தவள் அவளே. போன ஞாயிறு, மாமனார் மகாலிங்கத்தின் உடலை எடுக்குமுன், சாவுச் சடங்கின் முறைப்படி அதில் சுண்ணம் இடித்தார்கள். அதன்பிறகு எவரும் அதைத் தொடவில்லை.

மழையாயிருக்கும் என்று மனத்துக்குச் சொன்னாள். ஆனால் மழை இப்படி மூச்சு வாங்கி, மூச்சு வாங்கி விழுவதில்லை.

அன்றும் இதே பொழுதுதான். கணவனின் அக்கா சரோஜினிதேவி வாசலை மறித்து நின்றாள். ஞாயிறு பிற்பகல் குளிகை. அந்நேரத்தில் செய்த காரியம் திரும்பவும் நடக்கும். அதனால் அப்போது பொன் வாங்குவார்கள், பிணம் எடுக்கமாட்டார்கள் என்றாள். குளிகை கழிந்தால் ராகு காலம். அதுவும் கழிந்தால் இருட்டு. அதற்குள் சுடலைக்குப் போகும் பாலத்தை வெள்ளம் மூடிவிடும் என்றாள், மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் சிவதர்ஷினி.

"உன் கச்சேரியில கையெழுத்துப் போட்டுத் திருத்துற விசயமில்ல இது. இன்னொரு சாவு விழும்" என்றாள் சரோஜினிதேவி.

"கோளெல்லாம் சிவன் வச்ச வேலைக்காரங்க, மச்சாள். வேலைக்காரன்கிட்ட கேட்டுத்தான் வீட்டுப் பெரியவரை எடுக்கணுமா?" என்றவள், பெட்டிக்குத் தோள் கொடுக்க நின்ற நால்வரையும் பார்த்து, "எடுங்க" என்றாள்.

எடுத்தார்கள். நாலாம் நாள் வாகினிக்குக் காய்ச்சல் கண்டது. இன்று அது ஏறிய ஏற்றத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ தேடிப் போன கணவன் சாரங்கன் இன்னும் திரும்பவில்லை. சரோஜினிதேவி தொலைபேசியில் அழுதாளே தவிர, சொல்லிக்காட்டவில்லை. அதுதான் சிவதர்ஷினியை அதிகம் சுட்டது.

உலக்கை விழுந்துகொண்டிருந்தது. நனைந்த மண்ணின் மணத்தை விலக்கிக்கொண்டு சாம்பிராணி வந்தது. அதன்பின் நசுங்கிய பூ. அதன்பின், தொண்டையைப் பிடிக்கும் புது வார்னிஷ் நெடி. அவள் பதிகமொன்றை முணுமுணுக்கத் தொடங்கினாள். சிறுவயதிலிருந்து நாவில் ஊறிய பாட்டு; அடி பிறழவில்லை. உலக்கையும் அந்தத் தாளத்துக்கே விழுந்தது.

வாகினி கண் திறந்தாள்.

"அம்மா, அப்பப்பாவ இன்னொருக்கா எடுக்கிறாங்களா?"

"இல்ல மகள். கண்ண மூடு."

"இடிச்சது போதுமாம்."

ஓசை நின்றது.

முன் கூடத்தில் காலடிகள். ஈரக் கால்கள். சுமையோடு நடக்கும் கால்கள். சுவரோர வாங்குப் பலகை முனகியது. மரத்தின்மேல் மரம் அமர்ந்தது.

அவள் எழுந்து திரைச்சீலையை விலக்கினாள்.

வாங்கின்மேல் ஒரு பெட்டி. திறந்திருந்தது. மூடி சுவரில் சாய்ந்திருந்தது. சிறிய பெட்டி, ஒரு பிள்ளையின் நீளம். தரையில் ஈரப் பாதங்களின் தடங்கள். விரல்களெல்லாம் உள்ளறையை நோக்கி. அவற்றின்மேல் ஆளில்லை. அவள் பார்த்திருக்கையிலேயே இன்னொரு தடம் பதிந்தது. முன்னதைவிடக் கிட்ட.

நிலையின் இரு பக்கமும் கைகளை ஊன்றி வாசலை அடைத்து நின்றாள்.

"எடுக்கச் சொன்னவ நான். புள்ள ஒண்ணும் சொல்லல்ல. இந்தப் படியத் தாண்டி அவகிட்டப் போக விடமாட்டேன்."

மழை நின்றதுபோல் இருந்தது. பிறகு மரம் நெரியும் ஓசை. தூங்கி விழித்த விலங்கு உடம்பை முறிப்பதுபோல் பெட்டி நீண்டது. மெல்ல. இன்னும் மெல்ல. அவளுடைய நீளம் வந்ததும் நின்றது.

அவள் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். ஓடவில்லை. வாசலுக்கருகே மாடத்திலிருந்த விளக்கில் திரியைத் தூண்டி ஏற்றினாள். சிவநாமம் சொல்லித் திருநீற்றை எடுத்தாள். கட்டிலின் ஓரத்தில் வந்து அமர்ந்தாள். எதிர்ச்சுவரில் அவளுடைய நிழல் விழுந்தது. அதன் இருபுறமும், இரண்டிரண்டாக, நான்கு நிழல்கள். தோள் கொடுக்கக் குனிந்தபடி.

பிடரியில் வார்னிஷ் நெடி. ஒரு குளிர்.

குளிகை இன்னும் கழியவில்லை. நல்லது. இந்நேரத்தில் செய்வது திரும்பத்தானே வேண்டும்? அப்படியானால் இந்த வாழ்த்தும் திரும்பட்டும், வாகினியின் ஆயுள் நெடுக.

மகளின் நெற்றியில் மூன்று விரலால் நீறு பூசினாள். விரலின்கீழ் முதல் வியர்வை துளிர்த்தது. நான்கு நிழல்களும் இன்னும் கொஞ்சம் குனிந்தன.

"நல்லா இரு, மகள். நூறு வயசு வாழு."